குறைத்துக் கொடுத்த வயது

மிளகாய்ப் புஞ்சைக்கு மேலே ஆளுயரத்தில் மருந்தடித்துக்கொண்டு போன ட்ரோன், வரப்பு வந்ததும் திரும்பவில்லை. நேரே போய்ச் சீமைக்கருவேலத்துக்குள் விழுந்து, முள்ளுக்குள் கிடந்து கொஞ்ச நேரம் உறுமிவிட்டு அடங்கியது. தண்ணீர்க் குடத்தோடு வரப்பில் நின்ற இருளப்பசாமி முதலில் மிஷினைத்தான் பார்த்தார். பிறகுதான் மகனைப் பார்த்தார். மாரீஸ்வரன் ட்ரோனை ஓட்டும் பெட்டியைக் கழுத்தில் தொங்கவிட்டபடி, வலது கையில் செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண் செல்போனில் இருந்தது. இவ்வளவு சத்தமும் அவனுக்குக் கேட்டதாகவே தெரியவில்லை.

"ஏய்யா, மிஷினு விழுந்துருச்சு," என்றார் இருளப்பசாமி.

அவன் தலையை ஆட்டினான். எதற்கு ஆட்டினான் என்று அவருக்கு விளங்கவில்லை. நூற்றெண்பது பேரை ஏற்றிக்கொண்டு மேகத்துக்கு மேலே போய் வந்தவன். ஒரு மருந்து மிஷினைக் கீழே போட்டுவிட்டு அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நிற்கிறான் என்றால், அந்தப் போனில் என்னவோ வந்திருக்கிறது.

மாரீஸ்வரன் ஒரு சின்ன விமானக் கம்பெனியில் கோ-பைலட். திருச்சுழி பக்கத்துக் கரிசல் காட்டில் பருத்தியும் கொத்தமல்லியும் மிளகாயும் போட்டுப் பிழைக்கிற வீட்டிலிருந்து ஒருவன் விமானம் ஓட்டப் போனதே பெரிய சமாச்சாரம். அவன் ஓட்டிய கம்பெனி நொடித்துப்போய், பாதி விமானம் இன்ஜின் இல்லாமல் தரையில் நின்றபோது, இவனைப் போன்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலையை விட்டு எடுக்கவில்லை. சம்பளமில்லாத லீவு. விமானம் கிளம்பினால் கூப்பிடுவோம், வரிசைப்படி கூப்பிடுவோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வருடமாக அவன் அந்த வரிசையை நம்பித்தான் ஊரில் கிடக்கிறான். சும்மா இருக்க வேண்டாமே என்று உழவர் குழுவின் மருந்து ட்ரோனை ஓட்டிக்கொடுத்தான். ஊரில் மழைக்குத்தான் பஞ்சம், கிண்டலுக்குப் பஞ்சம் கிடையாது. "பைலட்டு, இன்னைக்கு எந்த ஊருக்கு ஃபிளைட்டு, மொளகாய்க்கா பருத்திக்கா?" என்று கேட்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டு, "பருத்திக்குத்தான் மாமா, சீட்டு காலியா இருக்கு, ஏறுங்க," என்பான்.

டீக்கடையில் யாராவது, "இன்னுமா ஓய் ஒம்மகன் அந்த வேலைய நம்பிக்கிட்டிருக்கான்?" என்று கேட்டால், இருளப்பசாமி விளக்கம் சொல்வார். பைலட் உத்தியோகத்தில் எல்லாமே வரிசை எண்தான். எந்த விமானம், எந்த ஊர், எப்போது கேப்டன் என்பதெல்லாம் அந்த எண் சொல்வதுதான். வெளியே போய் வேறு கம்பெனியில் சேர்ந்தால் கடைசி ஆளாகப் போய் நிற்க வேண்டும். "ரேசன் கடையில பையப் போட்டு எடம் புடிச்சிட்டு டீ குடிக்க வாரோம்ல, அது மாதிரி. எம்மகன் பை வரிசையில கெடக்கு. யாரும் எடுத்து எறிய முடியாது," என்பார். நல்லாத்தான் சொல்வார். ஆனால் ரேஷன் கடையையே இன்னொரு கடையோடு சேர்த்துவிட்டால் பை என்னாகும் என்று அவரும் யோசிக்கவில்லை, கேட்டவர்களும் யோசிக்கவில்லை. போன தையில் பெரிய கம்பெனி ஒன்று சின்னக் கம்பெனியை வாங்கிவிட்டது. வாங்கட்டும், பெரிய கம்பெனி என்றால் விமானமும் நிறைய இருக்கும், சீக்கிரம் கூப்பிடுவார்கள் என்று வீட்டில் பாயசம் வைத்துக் குடித்தார்கள்.

"லிஸ்ட்டு வந்துருச்சுப்பா," என்றான் மாரீஸ்வரன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ரெண்டு கம்பெனியையும் சேத்து ஒரே வரிசையா போட்டுட்டாங்க."

"கூப்புட்டுருக்காகளா?"

"பாதிப் பேரக் கூப்புட்டுருக்காங்க. ஒரு கோடு போட்டுருக்காங்க. கோட்டுக்கு மேல இருக்கவங்க வந்து சேரலாம். கீழ இருக்கவங்களுக்கு இனிமே கூப்புடுறோம்ங்கிற பேச்சே கெடையாது. கணக்க முடிச்சு அனுப்புறாங்க."

"நீயி?"

"கீழ."

இருளப்பசாமி குடத்தைக் கீழே வைத்தார். வைத்த இடம் சரிவு. தண்ணீர் சரிந்து அவர் காலை நனைத்தது. அதுகூடத் தெரியாமல், "நாகேந்திரன்?" என்று கேட்டார்.

நாகேந்திரன் பாளையம்பட்டிப் பையன். தறிக்காரர் வீடு. அருப்புக்கோட்டையில் ஆறாம் வகுப்பிலிருந்து மாரீஸ்வரனோடு ஒரே பெஞ்சு. மாரீஸ்வரன் விமானம் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்று நின்றபோது, இவனையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனான். இரண்டு பேரும் ஒன்றாகப் படித்து, ஒரே கம்பெனியில், ஒரே நாளில் சேர்ந்தார்கள். ஆறு மாதம் இளையவன் என்பதால் நாகேந்திரன் இவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். பயிற்சிக் காலத்தில் விமானத்துக்குள்ளே ஒருமுறை அப்படிக் கூப்பிட்டுக் கேப்டனிடம் திட்டும் வாங்கியிருக்கிறான்.

"அவனுக்கு வந்துருச்சுப்பா. கோட்டுக்கு மேல கடைசி ஆளே அவன்தான்."

"அதெப்பிடி? நீதான முன்னாடி. நீதான்டா முன்னாடி இருந்த."

"பழைய கம்பெனியில ஒரே நாள்ல சேந்தவங்கள டிரெயினிங் மார்க்க வச்சு வரிசைப்படுத்துவாங்க. அதுல நான் முன்னாடி. பெரிய கம்பெனியில மார்க்கெல்லாம் கெடையாது. பெறந்த தேதி. மூத்தவன் முன்னாடி, எளையவன் பின்னாடி. இப்ப எல்லாருக்கும் அந்தச் சட்டந்தான்."

"அப்ப நீதானப்பா மூத்தவன்," என்று சொல்லிக்கொண்டே வந்த இருளப்பசாமிக்கு, சொல்லி முடிக்குமுன் நாக்கு ஒட்டிக்கொண்டது. மகன் அவரைப் பார்த்துவிட்டுப் பார்வையைக் கருவேலத்தின் பக்கம் திருப்பிக்கொண்டான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லை.

பிறகும் அவன் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். ரெண்டு, ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு என்று விரலை மடக்கி மடக்கிக் காட்டினான். இருளப்பசாமி பார்த்துக்கொண்டுதான் நின்றார். காதில் ஒன்றும் ஏறவில்லை. யாரோ செவிட்டில் அறைந்த மாதிரி ஙொய்யென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. வெயில் ஏறிய பிறகு வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்கார்ந்து, கையைக் கழுவாமலே எழுந்துபோனார்.

அந்த வயதுக் கதை ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. அவரே பெருமையாகச் சொல்லித் திரிந்த கதை. அவருடைய மச்சான் ஒருவர் மின்வாரியத்தில் வேலை பார்த்தார். சின்ன வயதில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் ஒரு வருடத்தைக் கூட்டிப் போட்டுவிட்டதால், கை கால் திடமாக இருக்கும்போதே மாலையைப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடம் போச்சே, ஒரு வருடம் போச்சே என்று அந்த மனிதர் சாகும்வரை புலம்பினார். இருளப்பசாமி அதைக் கேட்டு மனதில் முடிந்துவைத்துக்கொண்டார். ஐப்பசி அடைமழையில் கண்மாய் நிரம்பி மறுகால் போன வருடம் பிறந்த மகனை, அடுத்த வருடம் ஆகஸ்டில் பிறந்தான் என்று சொல்லிப் பள்ளியில் சேர்த்தார். அதற்காக ஒரு வருடம் அவனை வீட்டிலேயே வைத்திருந்தார். "எல்லாப் பயலும் ரிட்டயர் ஆகி வீட்டுல உக்காருறப்ப, எம்மகன் இன்னும் பத்து மாசம் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குவான். அப்பன்காரன் மூளைன்னா சும்மாவா?" என்பார். கேட்டவர்களில் இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளுக்கும் அப்படியே செய்தார்கள். அந்தப் பத்து மாதத்தில்தான், ஆறு மாதம் இளைய நாகேந்திரன் காகிதத்தில் மூத்தவனாகிப் போனான்.

அவர் மனைவி அழகுத்தாய் அன்றைக்கே முணுமுணுத்தவள். "பெத்தவ எனக்குத் தெரியாதா எப்பப் பெத்தேன்னு? புள்ளைக்கு ஆயுசக் கொறைக்கிற மாதிரி எதுக்கு இந்தக் கணக்கு?" என்றாள். இன்றைக்கு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே அவருக்குத் தாங்கவில்லை. நாலு வார்த்தை திட்டினால் திருப்பித் திட்டியாவது மூச்சு விட்டிருக்கலாம்.

சாயங்காலம் அவராகவே மகனிடம் வந்தார். "தாலுகா ஆபீசுக்குப் போவோம். நாந்தான் மாத்திச் சொன்னேன்னு எழுதிக் குடுக்கேன். ஊர்ல நாலு பெரிய மனுசங்க வந்து கையெழுத்துப் போடுவாங்க. கண்மாய் மறுகால் போன வருசம்னா யாருக்குத் தெரியாது?"

"பாஸ்போர்ட்டுல அந்தத் தேதிதான் இருக்கு. லைசென்சுலயும் அந்தத் தேதிதான். இத்தன வருசமா நான் கையெழுத்துப் போட்ட எல்லாத்துலயும் அந்தத் தேதிதான். இப்பப் போயி அது பொய்யின்னு சொன்னா, வேல போறது இருக்கட்டும், லைசென்சே போயிரும். விடுங்கப்பா."

விடுங்கப்பா என்று அவன் மெதுவாகச் சொன்னதுதான் இருளப்பசாமியைப் போட்டு அரைத்தது. நல்லது செய்வதாக நினைத்துச் செய்த காரியம். எதிரிகூட இப்படி நேரம் பார்த்து, இடம் பார்த்து அடித்திருக்க முடியாது. முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் நின்றுகொண்டு, யாரோ எங்கோ போடப்போகிற ஒரு கோட்டுக்குக் கீழே மகனைத் தன் வாயாலேயே தள்ளிவிட்டிருக்கிறார். ஏதாவது செய்தாக வேண்டும். என்ன செய்வது என்று யோசித்ததில் ஒரு வழி தென்பட்டது. கோட்டுக்கு மேலே கடைசி ஆள் நாகேந்திரன். அவன் நகர்ந்துகொண்டால் அடுத்த ஆள் மேலே வருவான். அடுத்த ஆள் தன் மகன். ரேஷன் கடை வரிசையில் எத்தனை தடவை பார்த்திருக்கிறார்.

விடிந்ததும் விருதுநகரில் ஒரு வேலை இருக்கிறது என்று அழகுத்தாயிடம் சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். அருப்புக்கோட்டையில் இறங்கி டவுன் பஸ் மாறிப் பாளையம்பட்டிக்குப் போனார். நாகேந்திரன் வீட்டில் அவன் அம்மா வெங்கடலட்சுமிதான் கதவைத் திறந்தார். பின்கட்டில் விசைத்தறி ஓடும் சத்தத்தில் பேசுவதற்கே குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"வாங்கண்ணே, வாங்க. மாரீசு வரலையா?"

"இல்ல தங்கச்சி. நாந்தான் தம்பியப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

நாகேந்திரன் உள்ளேயிருந்து வந்தான். அவன் முகத்திலும் சந்தோஷம் இல்லை. வந்த கையோடு, "அண்ணன் போனே எடுக்க மாட்டேங்குறாருப்பா. நேத்து பத்துத் தடவ அடிச்சேன்," என்றான். சின்ன வயதிலிருந்தே அவரை அவன் அப்பா என்றுதான் கூப்பிடுவான். இருளப்பசாமிக்கு ஒரு கணம் எழுந்து போய்விடலாமா என்றுதான் இருந்தது. போயிருக்கலாம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார். "நீ ரெண்டு மாசமா அரபு நாட்டுக் கம்பெனிக்கு எழுதிப் போட்டுக்கிட்டு இருக்கன்னு மாரீசு சொன்னான். ஒனக்கு எப்பிடியும் வேற ஒண்ணு கெடைச்சிரும். இதுல ஒன் எடத்த அண்ணனுக்கு விட்டுக் குடுத்துரு தம்பி. வயசுல அவந்தான மூத்தவன். ஒனக்கே தெரியும்."

நாகேந்திரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அப்பா, அண்ணனுக்கு வரும்னா நான் நீங்க கேட்டு வர வரைக்கும் உக்காந்துருக்க மாட்டேன். அது அப்பிடி வராது. ரெண்டு கம்பெனி வரிசையையும் கலந்துதான் போட்டுருக்காங்க. அவங்க ஆளு ரெண்டு, நம்ம ஆளு ஒண்ணு, அவங்க ரெண்டு, நம்ம ஒண்ணு. எனக்குக் கீழ அடுத்த ரெண்டு பேரும் அவங்க ஆளுக. அதுக்கும் கீழதான் அண்ணன். நான் எந்திரிச்சா அந்த எடத்துல யாரோ ஒருத்தரு வந்து உக்காருவாரு. அண்ணன் உக்கார மாட்டாரு."

படித்த பிள்ளைகள் சாக்குச் சொல்லும்போது இப்படித்தான் கணக்குப் போட்டு, அழகாகச் சொல்லும் என்று இருளப்பசாமி நினைத்தார். இல்லையென்றால் இவன் ஏன் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொல்கிறான்? தறிச் சத்தம் மண்டைக்குள் இடித்தது.

பன்னிரண்டாம் வகுப்பு லீவில் நாகேந்திரன் அவர்கள் ஊரில் தங்கியிருந்தபோது, பருத்திக் காட்டுக்குள் அவனைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. வாயில் நுரை தள்ளியவனைத் தன் மொபெட்டில் முன்னால் படுக்கப் போட்டுக்கொண்டு, அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் இருளப்பசாமி. அன்றிலிருந்து இன்றுவரை அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. வெங்கடலட்சுமி எடுத்தால்கூட, "அத எதுக்கு இப்ப," என்று தடுத்துவிடுவார். செய்ததைச் சொல்லிக் காட்டுவதைவிடக் கேவலம் ஒன்று உண்டா? அந்தக் கேவலத்தைத்தான் அன்று அவர் செய்தார்.

"அன்னைக்கு ஒன்னய வண்டியில போட்டுக்கிட்டு ஓடுனேனே, அப்ப இவன் யாரு, நம்ம ஆளா அவுக ஆளான்னு நான் வரிசை பாத்தனா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது. திருப்பி எடுக்க முடியாது. நாகேந்திரனின் முகம் அப்படியே செத்துப்போனது. சமையல்கட்டு வாசலில் காப்பித் தம்ளரோடு நின்ற வெங்கடலட்சுமி, தன் மகனைப் பார்த்து அவர்கள் வீட்டுப் பாஷையில் ஒரு வார்த்தை சொன்னார். ஒரே ஒரு வார்த்தை. இருளப்பசாமிக்கு அந்தப் பாஷை தெரியாது. ஆனால் கொடுத்துவிடு என்றுதான் சொல்கிறார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. நாகேந்திரன் போனை எடுத்தான். ஏதோ தட்டினான். நிமிர்ந்து பார்த்து, "வரலைன்னு அனுப்பிட்டேன்ப்பா," என்றான்.

"காப்பி ஆறுது, குடிங்கண்ணே," என்றார் வெங்கடலட்சுமி. குரலில் ஒன்றும் இல்லை. இருளப்பசாமி அந்தக் காப்பியையும் குடித்தார்.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் மகனுக்குப் பிடித்த காராச்சேவு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டார். மனது உறுத்தத்தான் செய்தது. ஆனால் உறுத்தலைப் பார்த்தால் பிள்ளை வாழ்க்கை என்னாவது? நாளைக்கு மகன் வேலையில் சேர்ந்த பிறகு ஒரு நாள் வந்து வெங்கடலட்சுமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். நாகேந்திரனுக்கும் அரபு நாட்டு வேலை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே வந்ததில், ஊர் வந்து இறங்கும்போது கொஞ்சம் தெம்பாகவே இருந்தார்.

மாரீஸ்வரன் வாசலில் உட்கார்ந்து, ட்ரோனின் இறக்கையில் குத்தியிருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான். இருளப்பசாமி பொட்டலத்தை அவன் பக்கத்தில் வைத்தார்.

"ஒன் வேல சரியாப் போச்சுய்யா. நாகேந்திரன் வரலைன்னு எழுதிட்டான். இனி ஒன்னயத்தான் கூப்புடுவாக."

மகன் நிமிர்ந்து பார்த்தான். முள்ளைப் பிடித்திருந்த விரல் அப்படியே நின்றது. "என்னது?"

"எங்கண்ணு முன்னாடிதான் அனுப்புனான்."

"நீங்க அங்க போனீங்களா?" அவன் எழுந்துவிட்டான். "அவன் சொல்லலையா உங்ககிட்ட, அது எனக்கு வராதுன்னு?"

"சொன்னான். ரெண்டு பேரு அவுக ஆளு, அப்பறந்தான் நீயின்னான். அது சும்மா சாக்கு."

"சாக்கு இல்லப்பா. அதுதான் நெசம். நேத்துப் புஞ்சையில வச்சு நானே சொன்னேனே. விரல மடக்கி மடக்கிக் காட்டுனேனே. நீங்க பாத்துக்கிட்டுத்தான நின்னீங்க?"

பார்த்துக்கொண்டுதான் நின்றார். அந்த விரல்கள் இப்போதும் அவர் கண்ணுக்கு முன்னால் மடங்கின. இப்போது காதும் கேட்டது. அவங்க ரெண்டு, நம்ம ஒண்ணு. இருளப்பசாமி சுவரைப் பிடித்துக்கொண்டார். ஒரு பிள்ளையைத் தெரியாமல் கீழே தள்ளினார். இன்னொரு பிள்ளையைத் தெரிந்தே தள்ளியிருக்கிறார். இரண்டு பேரும் கோட்டுக்குக் கீழே. மேலே அவர் முகம் பார்த்திராத யாரோ ஒருவன் இந்நேரம் சந்தோஷமாகத் தன் வீட்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பான்.

"தெரிஞ்சும் அவன் எதுக்குப்பா அனுப்புனான்?" மாரீஸ்வரன் கேட்டான். "என்ன சொன்னீங்க அவன்கிட்ட?"

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பாம்பு கடித்ததையும் வண்டியில் போட்டுக்கொண்டு ஓடியதையும் சொல்லிக் காட்டியதாகச் சொன்னார். உள்ளேயிருந்து வந்த அழகுத்தாய் வாயில் கையை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"நீங்களாப்பா?" என்றான் மகன். நேற்று வேலை போன செய்தி வந்தபோதுகூட அவன் முகம் இப்படி ஆகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன்தான் பைக் சாவியை எடுத்துக்கொண்டு வந்தான். "பதில மாத்திச் சொல்லணும்னா இன்னைக்கு ஒரு நாள் டைம் இருக்கு. ஏறுங்க."

"நீ சொன்னாக் கேப்பான்ய்யா. நீ போயிச் சொல்லு."

"கேக்க மாட்டான். அவன் எடத்துல நான் இருந்தா நானும் கேக்க மாட்டேன். அந்தச் சொல்ல நீங்கதான் திருப்பி எடுக்கணும். நீங்க ஏறுங்க."

வழி நெடுகக் கரிசல் வெடித்துக் கிடந்தது. லோடு லாரி ஒன்று இவர்களுக்கு முன்னால் நகர மாட்டேன் என்று போய்க்கொண்டிருந்தது. அதைத் தாண்டக்கூட மாரீஸ்வரன் அவசரப்படவில்லை. இருளப்பசாமி பின்னால் உட்கார்ந்து, போய் என்ன சொல்வது என்று ஒவ்வொரு வாக்கியமாக அடுக்கிப் பார்த்தார். எதை எடுத்தாலும் நடுவில் நான் என்று வந்தது. நான் தெரியாமல், நான் அவசரத்தில், நான் பெத்த பாசத்தில். ஒன்றும் சரியாக இல்லை.

வெங்கடலட்சுமி வாசலில் அவர்களைப் பார்த்தார். வாங்க என்றார். அவ்வளவுதான். கையால் பின்கட்டைக் காட்டினார்.

தறிக்கூடத்தில் நான்கு விசைத்தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. நாகேந்திரன் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு தறியின் மேல் குனிந்து, அறுந்துபோன இழையை முடிந்துகொண்டிருந்தான். மாரீஸ்வரன் போய் அவன் பக்கத்தில் நின்றான். மகனின் வாய் அசைவது இருளப்பசாமிக்குத் தெரிந்தது. என்ன சொல்கிறான் என்று அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை. நாகேந்திரன் நிமிராமலே தலையை ஆட்டினான். மாரீஸ்வரன் அவன் தோளைத் தொட்டான். அதற்கும் அதே தலையாட்டல்தான். பிறகு மாரீஸ்வரன் திரும்பி வாசலைப் பார்த்தான்.

இருளப்பசாமி உள்ளே வந்தார். செருப்பைக் கழற்ற மறந்துபோய் மறுபடி வெளியே போய்க் கழற்றிவிட்டு வந்தார். நாகேந்திரனுக்கு நேராக நின்று எதையோ சொன்னார். என்ன சொன்னார் என்று அவருக்கே கேட்கவில்லை. நாகேந்திரன் காதில் விரலை வைத்து, விளங்கவில்லை என்று காட்டினான். அவர் மறுபடி சொன்னார். அதையும் தறிச் சத்தம் விழுங்கிவிட்டது.

நாகேந்திரன் கையில் இருந்த நூலைக் கீழே வைத்தான். நடந்து போய் முதல் தறியை நிறுத்தினான். பிறகு அடுத்ததை. வெங்கடலட்சுமி வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாவது தறியும் நின்றபோது நாகேந்திரன் இருளப்பசாமியைத் திரும்பிப் பார்த்தான், பார்த்துக்கொண்டே கடைசித் தறியின் ஸ்விட்சில் கையை வைத்தான். தறி இன்னும் இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. அடுத்த வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் அப்போதுதான் கேட்டது. மூன்று பேரும் இருளப்பசாமியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.